தாளிப்பதற்கு முன் ஒரு கரண்டி... தோட்டத்து நாய்க்கு என்ன சோறு போடலாம்?

தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் சின்ன வெங்காய விவசாயிகளுக்குப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். விதைநேர்த்தி, கோழிக்கால் நோய், பட்டறை போட்டு இருப்பு வைக்கும் முறை என்று பேசி முடித்து, ‘வேறு ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?’ என்று கேட்டேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். வயது எழுபது இருக்கும்.

‘‘ஏனுங்க சார், வெங்காயத்துக்கு என்ன போடோணும், மக்காச்சோளத்துக்கு என்ன போடோணும்னு எல்லாஞ் சொல்றீங்க. எங்க பட்டியக் காவல் காக்கற நாய்க்கு என்ன போடோணும்னு ஒருத்தருஞ் சொல்ல மாட்டேங்கறீங்களே?’’

கூட்டம் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தோட்டத்தில் இருந்த கருப்பன்தான் நினைவுக்கு வந்தான்.

கருப்பன் நாட்டு நாய். ராத்திரியில் வரப்பு ஓரம் ஒரு சத்தம் கேட்டால் போதும், குரல் கொடுத்துவிடுவான். காட்டுப்பன்றி நிலக்கடலைக்குள் இறங்கியதை அவன் சொல்லித்தான் பலமுறை தெரிந்துகொண்டோம். பத்து வருடங்களுக்கு முன்பு எங்கள் குலசாமி கோயிலில் கிடா வெட்டு. விருந்து முடிந்து, இலைகளைத் தோட்டத்து மூலையில் கொட்டினேன். பிரியாணி, கறிக்குழம்பு, வெந்த எலும்பு எல்லாம் அதில் இருந்தன. கருப்பன் ஆசை தீரத் தின்றான். மறுநாள் வாந்தி. அதற்கு அடுத்த நாள் மலம் கழிக்க முடியாமல் முக்கினான், ரத்தம் வந்தது. ‘நாய்தானே, எலும்பைச் செரித்துவிடும்’ என்று நான் இரண்டு நாட்கள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்துவிட்டது. வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழித்திருந்தது.

எந்த மருந்து அடித்தால் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். என் வீட்டு நாய்க்கு எது ஆகாது என்று தெரிந்து வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதில் நம் சமையற்கட்டுக்குப் பொருந்துவதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சோறு ஆகும், குழம்பு ஆகாது!

‘நாய் கறி தின்னும் பிராணி, சோறு போடக்கூடாது’ என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. ஓநாயிலிருந்து பிரிந்து, மனிதனோடு பல ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்ததில் நாயின் செரிமானமே மாறியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை உருவாக்கும் மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு கூடுதலாக இருப்பதை 2013-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். அதனால் அரிசி, கம்பு, கேழ்வரகு, சோளம் எல்லாமே நன்றாக வேகவைத்தால் நாய்க்குச் செரிக்கும்.

சிக்கல் நாம் அதன்மேல் ஊற்றுவதில் இருக்கிறது. வெங்காயம், பூண்டு, புளி, மிளகாய், உப்பு, எண்ணெய் ஆகிய ஆறும் சேராமல் நம் வீட்டில் குழம்பு இல்லை. குழம்பில் நாம் சேர்க்கும் அளவில் இவை நாய்க்கு நல்லது செய்வதில்லை. முதல் இரண்டும் விஷம் என்றே சொல்லலாம்.

நாய்க்கென்று தனியாகச் சமைக்க நமக்கு நேரமும் இல்லை, வசதியும் இல்லை. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. பருப்பு வெந்ததும், உப்பும் புளியும் சேர்ப்பதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வையுங்கள். காய் வெந்ததும், தாளிப்பதற்கு முன் ஒரு பிடி எடுத்து வையுங்கள். கறி எடுக்கும் நாளில், மசாலா போடுவதற்கு முன் நான்கு துண்டுகளைத் தண்ணீரில் தனியாக வேகவைத்து, எலும்பை நீக்கி வையுங்கள். அடுப்பு ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். நாய்க்கு மட்டும் முதலிலேயே எடுத்துவிடுகிறோம்.

எதையெல்லாம் போடலாம்?

தானியம்: சோறு, கம்மஞ்சோறு, கேழ்வரகுக் களி, இட்லி எல்லாம் போடலாம். பழைய சோறு கெட்டுப்போகாமல் இருந்தால், உப்பில்லாமல் மோர் விட்டுப் பிசைந்து போடலாம். நீராகாரத்தில் நாம் நறுக்கிப் போடும் சின்ன வெங்காயம் மட்டும் அதில் இருக்கக்கூடாது.

முட்டை: ஏழை வீட்டு நாய்க்கும் கட்டுப்படியாகும் நல்ல புரதம் இது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வேகவைத்தே கொடுங்கள். பச்சை வெள்ளைக்கருவைத் தினமும் கொடுத்தால் பயோட்டின் என்ற உயிர்ச்சத்து உடம்பில் சேராமல் போகும்.

பருப்பு, பயறு: துவரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு ஆகியவற்றைக் குழைய வேகவைத்துக் கொடுக்கலாம். வேகாத பயறு வயிற்றை ஊதவைக்கும்.

தயிர், மோர்: வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் பேதியாகும். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

மீன், கோழி, ஈரல்: வேகவைத்து, முள்ளும் எலும்பும் நீக்கிக் கொடுக்க வேண்டும். ஈரல் வாரத்துக்கு ஒரு நாள், 50 கிராம் போதும். அளவு மீறினால் வைட்டமின் ‘ஏ’ உடம்பில் தேங்கும். கருவாடு வேண்டாம், அதில் உப்பு அதிகம்.

காய், கீரை: பூசணி, கேரட், பீன்ஸ், பீட்ரூட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒரு பிடி முருங்கைக்கீரை என எதுவானாலும் வேகவைத்துப் பிசைந்து போடலாம். மலம் இறுகிப் போகும் நாய்க்குப் பூசணி நல்லது.

பழம்: வாழை, பப்பாளி, கொய்யா, தர்பூசணி, மாம்பழச் சதை, சப்போட்டாச் சதை ஆகியவற்றை ஒன்றிரண்டு துண்டுகள் கொடுக்கலாம். கொட்டையை நீக்கிவிடுங்கள். மாங்கொட்டையை விழுங்கிக் குடல் அடைபட்ட நாய்கள் உண்டு. மக்காச்சோளத் தக்கையும் அப்படித்தான். சோளமணி ஆகும், தக்கை ஆகாது.

நிலக்கடலை: உப்பில்லாமல் வேகவைத்தது கொஞ்சம் போடலாம். பூஞ்சணம் பிடித்த கடலையையும் பிண்ணாக்கையும் மட்டும் நாய்க்குப் போடவே கூடாது. ‘மாட்டுக்கு ஆகாது, நாய்க்குக் கொட்டிவிடலாம்’ என்று நினைப்பது பெரிய தவறு. பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு நாயின் கல்லீரலைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

எவ்வளவு போட வேண்டும்?

பயிருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துக் கணக்குப் போடுகிற மாதிரி நாய்க்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வளர்ந்த நாயின் உணவில், ஈரம் நீக்கிய எடைக்குச் சுமார் 18 சதவிகிதமாவது புரதம் இருக்க வேண்டும். வெறும் சோற்றில் அதில் பாதிகூட இல்லை. சோறும் மோரும் மட்டும் தின்னும் நாய் வயிறு நிறைந்தும் இளைத்துக் கிடப்பதற்கு இது முக்கியக் காரணம்.

20 கிலோ எடையுள்ள காவல் நாய்க்கு ஒரு நாள் கணக்கு இது. 140 கிராம் அரிசியில் வடித்த சோறு, 50 கிராம் பருப்பை வேகவைத்தது, 2 முட்டை, ஒரு கிண்ணம் தயிர், ஒரு பிடி வெந்த காய், ஒரு தேக்கரண்டி எண்ணெய். இதைக் காலையும் மாலையுமாகப் பிரித்துப் போட்டால், புரதம் ஏறக்குறைய அந்த 18 சதவிகிதத்தைத் தொட்டுவிடும். கறியோ மீனோ கிடைக்கும் நாளில் முட்டையைக் குறைத்துக்கொள்ளலாம்.

எலும்பு போடாவிட்டால் சுண்ணாம்புச் சத்துக்கு என்ன செய்வது? முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து வையுங்கள். 20 கிலோ நாய்க்குத் தினமும் அரைத் தேக்கரண்டி போதும். அதிலேயே சுமார் 1,000 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து கிடைத்துவிடும்.

அளவு சரியா என்று பார்க்க, நாயின் விலாவில் கையை வைத்துத் தடவுங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்களின் உடல்வாகே ஒல்லி. அவற்றைக் கொழுக்கவைக்க வேண்டாம். ராத்திரி முழுக்க ஓடித் திரியும் நாய்க்கும், பால் கொடுக்கும் தாய் நாய்க்கும் கூடுதலாகப் போட வேண்டும். சுத்தமான தண்ணீர் எந்த நேரமும் இருக்க வேண்டும்.

எதையெல்லாம் போடக்கூடாது?

வெங்காயம், பூண்டு: பச்சையோ, வதக்கியதோ, பொடியோ, எப்படிக் கொடுத்தாலும் ஆகாது. ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை இவை உடைத்துவிடும். உடல் எடையில் இருநூறில் ஒரு பங்கு வெங்காயம், அதாவது 10 கிலோ நாய் 50 கிராம் தின்றாலே பாதிப்பு வரலாம். அதைவிடக் குறைவாகத் தினமும் தின்றாலும் ரத்தச்சோகை வரும். உடனே தெரியாது. சில நாட்கள் கழித்து ஈறு வெளுக்கும், நாய் சோர்ந்து படுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும்.

திராட்சை, உலர் திராட்சை: சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இத்தனை பழம் வரை பரவாயில்லை என்று அளவு சொல்லவே முடியாது. பாயசம், கேசரி மிச்சமிருந்தால் நாய்த் தட்டில் கொட்டாதீர்கள்.

புளி: இது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும். திராட்சையில் நாய்க்கு ஆகாத பொருள் டார்டாரிக் அமிலம்தான் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் நிறைய இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2022-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ‘எங்க நாய் பத்து வருசமா ரசஞ்சோறு தின்னுட்டு நல்லாத்தானே இருக்குது’ என்று கேட்பீர்கள். ரசத்தில் புளி கொஞ்சம்தான். ஆனாலும் தெரிந்தே போட வேண்டாம். புளி உலுக்கிக் கொட்டை எடுக்கும் நாட்களில் குவியல் பக்கம் நாயை விடாதீர்கள்.

வெந்த எலும்பு: கோழி, ஆடு எதுவானாலும் வேண்டாம். கருப்பன் கதையே போதும்.

சாக்லேட், காப்பித்தூள், தேயிலைத்தூள்: இதயத் துடிப்பு எகிறும், வலிப்பு வரும். சாக்லேட்டைப் பிள்ளைகள்தான் பாசத்தில் ஊட்டிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் இனிப்பும் நாயைக் கொல்லக்கூடியது.

கள், சாராயம், ஊறுகாய், அப்பளம், எண்ணெயில் பொரித்த மிச்சம்: எதுவும் வேண்டாம். எண்ணெயும் கொழுப்பும் அதிகமானால் கணையம் வீங்கி, வாந்தி நிற்காது.

பச்சைத் தலை போட்டால் பட்டிக்கே ஆபத்து

இது நாயோடு முடிகிற விஷயம் அல்ல. மக்காச்சோளத்தில் படைப்புழு பார்க்க ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கொறங்காட்டில் ஒரு செம்மறி ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ‘‘மருந்தடிச்ச சோளத்தைக் கடிச்சிருச்சுங்களா சார்?’’ என்று தோட்டக்காரர் பயத்தோடு கேட்டார். கால்நடை மருத்துவரை அழைத்து வந்து காட்டினோம். மூளையில் நீர்க்கட்டி என்றார். அவர் கேட்ட முதல் கேள்வி, ‘‘ஆடு அறுத்தா தலைய நாய்க்குப் பச்சையா போடுவீங்களா?’’ என்பதுதான். போடுவது வழக்கம் என்றார் தோட்டக்காரர்.

நோய் வரும் வழி இதுதான். கட்டியுள்ள ஆட்டு மூளையை நாய் பச்சையாகத் தின்கிறது. அந்தக் கட்டியிலிருந்து நாயின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு மேய்ச்சல் காட்டில் விழுகின்றன. புல்லோடு அதை மேயும் ஆட்டின் மூளையில் மறுபடியும் கட்டி உண்டாகிறது. நாம் வளர்க்கும் நாய் மூலம் நம் ஆட்டுக்கே நோயைக் கொடுக்கிறோம்.

நுரையீரல், ஈரலில் இருக்கும் நீர்க்கட்டிகள் வேறொரு நாடாப்புழுவைச் சேர்ந்தவை. அந்தப் புழுவின் முட்டை, நாயைத் தடவிய கை வழியாக நம் வாய்க்குள் போனால், மனிதர்களின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளரும். அதற்கு அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும்.

ஆகவே தலை, ஈரல், நுரையீரல் எதையும் பச்சையாகப் போடாதீர்கள். கட்டியுள்ள உறுப்பை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். நல்ல உறுப்பையும் துண்டாக்கி, அரை மணி நேரம் கொதிக்கவைத்த பிறகே போடுங்கள். வளர்ந்த நாய்க்கு 3 மாதங்களுக்கு ஒருமுறை, நாடாப்புழுவுக்கும் சேர்த்து வேலை செய்யும் குடற்புழு மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். கறிக்கடைக் கழிவைச் சாலையோரம் கொட்டுவதும் இதே தவறுதான். அதற்குக் கூட்டமாகக் கூடும் நாய்கள், கழிவு கிடைக்காத நாளில் நம் பட்டியைத் தேடித்தான் வரும்.

தின்றுவிட்டால் என்ன செய்வது?

ஆகாத ஒன்றைத் தின்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். உப்புத்தண்ணீர், எண்ணெய், பால், மோர் என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். எலும்பு தின்றிருந்தால் வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். எலி மருந்தோ பூச்சிமருந்தோ என்றால், அந்தப் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள். எலிக்குப் பொரியிலும் தேங்காய் எண்ணெயிலும் பிசைந்து வைக்கும் மருந்தின் வாசனை நாயையும் இழுக்கும். அதை வைக்கும் நாட்களில் நாயைக் கட்டிப்போடுங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைப்பது நல்லது.

அடுத்த மாதம் வெங்காயப் பட்டறை பார்க்க அந்த அம்மாவின் தோட்டத்துக்குப் போனேன். அடுப்புப் பக்கத்தில் ஒரு அலுமினியக் குண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தார். ‘‘இது அவனோடதுங்க. பருப்பு வெந்ததும் அவனுக்கு எடுத்து வெச்சுட்டுத்தான் எங்களுக்குத் தாளிக்கறதுங்க’’ என்றார். பட்டி வாசலில் படுத்திருந்த நாய் என்னைப் பார்த்துக் குரைத்த குரைப்பில், உள்ளே போகவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

வாசகர் கேள்விகள்

‘‘சோற்றில் பூண்டு நசுக்கிப் போட்டால் நாய்க்கு உண்ணி வராது என்கிறார்களே?’’

வேண்டாம். பூண்டும் வெங்காயத்தின் பங்காளிதான். உண்ணி போகாது, ரத்தம்தான் கெடும். கால்நடை மருத்துவர் தரும் உண்ணி மருந்தைப் பயன்படுத்துங்கள். நாய் படுக்கும் இடத்தில் உள்ள இண்டு இடுக்குகளைச் சுத்தம் செய்யுங்கள். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாய்மேல் தேய்க்கும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. நாய் உடம்பை நக்கியே செத்துப்போகும். தேய்க்கிறவருக்கும் ஆபத்து.

‘‘நான்கு மாதக் குட்டிக்குப் பாலும் சோறும்தான் போடுகிறோம். முன்கால் வளைகிறது. ஏன்?’’

வளரும் குட்டிக்குச் சத்துப் பற்றாக்குறையால் அப்படி ஆகலாம். குட்டிக்குப் பெரிய நாயைவிட அதிகப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். வேகவைத்த முட்டை, கறி, பருப்பு சேர்த்து ஒரு நாளைக்கு 3 அல்லது 4 வேளையாகப் பிரித்துப் போடுங்கள். சுண்ணாம்புச் சத்து மருந்தை நீங்களாக வாங்கி ஊற்ற வேண்டாம். அளவு மீறினாலும் எலும்பு கெடும். கால் வளைய ஆரம்பித்துவிட்டதால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘‘நாங்கள் சைவம். முட்டைகூட வீட்டுக்குள் வராது. நாய் வளர்க்க முடியாதா?’’

வளர்க்கலாம், கவனம் கூடுதலாக வேண்டும். பருப்பு, பயறு, தயிர், வேகவைத்த மீல்மேக்கர் ஆகியவற்றைச் சேர்த்துப் போடுங்கள். உப்பு, மசாலா வேண்டாம். நாளாவட்டத்தில் சில உயிர்ச்சத்துகள் குறையலாம் என்பதால், 6 மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டிச் சத்து மருந்து தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்கும் சினை நாய்க்கும் இந்த உணவு மட்டும் போதாது.

‘‘எங்கள் நாய் நன்றாகத் தின்கிறது. ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறது.’’

முதலில் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். அடுத்து, தட்டில் சோற்றைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டையும் சரிசெய்த பிறகும் ஒரு மாதத்தில் உடம்பு தேறவில்லை என்றால், உண்ணியால் வரும் ரத்தக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.